வேலிக்கு அப்பால்

மனிதன் பிறக்கும்பொழுது எக்கருத்தையும் உடன்கொண்டு வருவதில்லை. மொழியும் உணவும் உடையும் வழிபாடும் அவன் வளரும் சூழலிலிருந்து அவனை வந்து அடைகின்றன. அவற்றோடு, 'இது உயர்ந்தது, இது தாழ்ந்தது. இது கற்கத் தக்கது, இது தள்ளத் தக்கது' என்னும் எண்ணங்களும் அவன் உள்ளத்தில் படிகின்றன. அவற்றை அவன் ஆராய்ந்து ஏற்றவன் அல்லன். சுற்றத்தார் கொண்டிருத்தலின் தானும் கொண்டான். பிற பொருள்களையெல்லாம் காணும் கண், தன்மீது தீட்டிய மையைக் காண்பதில்லை. அதுபோலப் பிறர் கொள்கையிலுள்ள குறையை எளிதிற் காண்பவனுக்கும் தன் சூழல் தந்த எண்ணங்கள் புலனாவதில்லை.

முன்னோர் வகுத்த பழக்கங்கள் யாவும் தீயன என்பது இதன் கருத்தன்று. பயிருக்கு வேலி வேண்டும். ஆனால், வேலியையே உலகின் எல்லையாகக் கருதுதல் தவறு. இவ்வுண்மையை விளக்கும் வரலாறு ஒன்று தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்தது.

உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவரும் 1855ஆம் ஆண்டு பிறந்தவருமான உ. வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்றார். திருவாவடுதுறைச் சைவ ஆதீனத்தின் ஆதரவில் அவருடைய கல்வி வளர்ந்தது. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் முதலியவற்றை அவர் நூற்றுக்கணக்கில் கற்றார். அக்காலப் புலவர் பெரும்பாலோர் கற்றவையும் அவையே. தமிழ்க் கல்வி என்பது அவ்வளவே என்று கருதுவதற்கு அவர்க்குக் காரணம் இருந்தது.

1880ஆம் ஆண்டு அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். முதலியார் அவர் கற்ற நூல்கள் யாவை என்று வினவினார். ஐயர் ஒன்றன்பின் ஒன்றாக நூற்பெயர்களை அடுக்கினார். முதலியாரோ அவற்றில் மனநிறைவு கொள்ளவில்லை. சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைக் கற்றதுண்டா என்று கேட்டார். ஐயர் அவற்றைக் கற்றிருக்கவில்லை.

அவ்வினா ஐயரின் உள்ளத்தைத் தைத்தது. இத்தனை ஆண்டு முயன்று கற்றவர் ஒருவர், தாம் கற்றதற்கு அப்பாலும் தமிழ் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளுதல் எளிதன்று. 'நம் ஆசிரியர் கற்பிக்காதது கற்க வேண்டாதது' என்று அவர் ஒதுக்கியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், முதலியார் தந்த சிந்தாமணிப் படியைக் கையில் ஏற்றார்.

அங்கே மற்றொரு தடை எதிர்ப்பட்டது. சிந்தாமணி சமண காவியம். சோழ மன்னன் ஒருவன் அதில் ஈடுபட்டிருந்ததைக் கண்டு, அவன் உள்ளத்தைத் திருப்பவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்பது சைவர் வழங்கும் வரலாறு. அம்மரபில் வளர்ந்த ஒருவர்க்குச் சிந்தாமணியை விரும்பிக் கற்பதே புதுமையாம். மேலும், அந்நூலில் வரும் சமண சமயக் குறியீடுகள் அவர்க்கு விளங்கவில்லை. கும்பகோணத்திலேயே சமணர் வாழ்ந்தனர். ஐயர் அவர்களிடம் சென்று, மாணவரைப்போல் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். அடுத்த தெருவினர் தம் உயிர்போலப் போற்றிப் படித்த காவியம், பெரும்புலவர் குழாத்திற்கு அயலாய் இருந்தமை வியப்பே.

சைவர் ஒருவர் சமண நூலைப் பதிப்பிப்பதா என்று குறைகூறியவரும் இருந்தனர். ஐயர் தளரவில்லை. சிந்தாமணிக்குப் பழைய உரை கண்ட நச்சினார்க்கினியரும் சமணர் அல்லர் என்பது இங்கு நினைக்கத் தக்கது. ஆகவே, ஐயர் சென்ற வழி மரபுக்குப் புறம்பானதன்று. மரபினர் மறந்துபோன வழியேயாம். 1887ஆம் ஆண்டு சிந்தாமணி உரையுடன் வெளிவந்தது. அவ்வுரையில் காணப்பட்ட மேற்கோள்களின் மூலத்தைத் தேடிய முயற்சி, பிற பழைய நூல்களிடம் அவரைச் செலுத்தியது. பத்துப்பாட்டு 1889லும், சிலப்பதிகாரம் 1892லும், புறநானூறு 1894லும், மணிமேகலை 1898லும் அவரால் பதிப்பிக்கப்பெற்றன. இத்தனைக்கும் அவர் தம் சைவ நெறியினின்று சிறிதும் வழுவவில்லை.

இதில் ஆழ்ந்து எண்ண வேண்டியது ஒன்று உண்டு. பனையோலை நெடுங்காலம் நில்லாது. செல்லும் காலமும் அதனை அரிக்கும். கற்பார் இருந்தால்தான் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதுவர். கற்கத் தக்கதன்று என ஒதுக்கப்பட்ட நூல் எழுதப்படாது. எழுதப்படாத நூல் மறையும். பழைய சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டோரும் இருந்தனர். அவர்கள் நூலை அழிக்க நினைத்தவர் அல்லர். நன்றென்று கருதியே செய்தனர். ஆராயாத நம்பிக்கை தீய எண்ணம் இல்லாமலும் பெருங்கேடு விளைக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

தன் சூழலுக்கு அப்பால் நோக்க விரும்புவோன் தன்னுடையதைத் துறக்க வேண்டுவதில்லை. அயலார் எழுப்பும் வினாவைச் சினவாமல் கேட்டல் வேண்டும். அறியாததை அறியேன் எனல் வேண்டும். ஒரு பொருளை இகழுமுன், அதனைப் போற்றுவோரிடம் சென்று அறிதல் வேண்டும். இம்மூன்றும் பள்ளிப் பருவத்திலேயே பழகத் தக்கன. முதலியாரின் வினாவுக்கு ஐயர் செவி சாய்த்திராவிடின், எத்தனை ஏடுகள் செல்லுக்கு இரையாகியிருக்கும் என்பதை மாணவர் எண்ணிப் பார்ப்பாராக.