விளையாட்டுத் திரையில் மொழிக் கல்வி

பிள்ளை விளையாடினால் படிப்புக் கெடும் என்பது பெற்றோர் பலரின் அச்சம். ஆயினும் மொழியை விளையாட்டாகவே ஊட்டும் வழக்கம் கல்முனைக் கரையோரத்துக்குப் புதியதன்று. மருதமுனையிலும் நிந்தவூரிலும் மூத்தம்மாமார் பேரப்பிள்ளைகளுக்கு நொடி போடுவார்கள். நொடியை அவிழ்க்க முயலும் பிள்ளை ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்கும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை உணர்த்தும் மொழியின் திறத்தைத் தன்னையறியாமலே கற்கும்.

இன்று அப்பிள்ளையின் கையில் கைத்தொலைபேசி இருக்கிறது. அதிலுள்ள வீடியோ விளையாட்டு மொழியை வளர்க்குமா? விளையாட்டின் அமைப்பைப் பொறுத்ததே விடை. சுடுவதும் ஓடுவதுமே தொழிலாயின் விரலுக்கு மட்டுமே வேலை. குறிப்பை வாசித்து, துப்பை ஆராய்ந்து, பாத்திரங்களின் உரையாடலை விளங்கிக்கொண்டாலன்றி மேலே செல்ல இயலாதாயின், அங்கே வாசிப்பே திறவுகோல். அமெரிக்கக் கல்வியறிஞர் ஜேம்ஸ் போல் ஜீ 2003 இல் வெளியிட்ட நூலில் இத்தகைய கற்றலை ஆராய்ந்தார். பாடநூலில் சொல் முன்னே வருகிறது. அதன் தேவை எப்போதோ வருகிறது. நல்ல விளையாட்டிலோ தேவைப்படும் வேளையிலேயே சொல் வருகிறது. பொருளும் செயலும் உடன் வருகின்றன. ஆகவே அது மனத்தில் தங்குகிறது.

தமிழிலே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. கனடாவின் டொரன்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023 இல் 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டது. கனடாவில் குடியேறிய தமிழ்ப் பெண் வெண்பா, தன் தாய் தந்த சமையற் குறிப்பேட்டைப் பார்த்துச் சமைக்கிறாள். ஏடு சிதைந்து, எழுத்து அழிந்திருக்கிறது. எஞ்சிய சொற்களைக் கொண்டு விடுபட்டதை ஊகித்தால்தான் இட்டலி வேகும். அவள் மகன் கவினோ தமிழை மெல்ல மெல்ல இழக்கிறான். வளர்ந்தபின் அவ்வேட்டை வாசிக்கத் தடுமாறுகிறான். இவ்விளையாட்டு 2024 இல் அறிமுகப் படைப்புக்கான பிரித்தானிய பஃப்டா விருதைப் பெற்றது.

கவினின் நிலை கடல் கடந்தோருக்கு மட்டும் உரியதன்று. கல்முனைப் பிள்ளைகள் ஆடும் விளையாட்டுகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அமைந்தவை. ஆங்கிலச் சொல் பெருகுவது நன்றே. ஆனால் தமிழ் வாசிப்புத் தேய்ந்தால் அது இலாபமாகாது. இதற்குப் பரிகாரம் வீட்டிலும் வகுப்பிலும் இருக்கிறது. ஆடிய விளையாட்டின் கதையைப் பிள்ளை உம்மாவிடம் தமிழிற் சொல்லலாம். புதுச் சொற்களைக் கொப்பியில் எழுதலாம். ஆசிரியர் பிட்டு அவிக்கும் முறையைக் கரும்பலகையில் எழுதி, இடையிடையே சொற்களை அழித்துவிட்டு, மாணவர் அவற்றை ஊகித்து நிரப்பச் செய்யலாம். அதற்குக் கைத்தொலைபேசியும் வேண்டியதில்லை. ஆவலைத் தருவது விளையாட்டு. அவ்வாவலை மொழியாக்குவது உடனிருந்து உரையாடும் பெரியவரே.