ஒரே சட்டியில் ஞொக்கி, ஒரே மேசையில் எல்லாரும்



இத்தாலியின் பலர்மோ நகரத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட ஆட்கள் நிறையப் பேர் இங்கே குடும்பமாக இருக்கினம்.

என் பிள்ளைகள் இருவரும் இத்தாலியச் சாப்பாட்டுக்குப் பழகிவிட்டார்கள். "இண்டைக்கும் சோறோ அம்மா?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். மாமியோ சுத்த சைவம். முட்டையும் தொடமாட்டா. அதனால் தினமும் இரண்டு சமையல். அந்த வேலையைக்கூடப் பொறுக்கலாம். ஆனால் மாமி தன் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினி மூலையில் தனியே இருந்து சாப்பிடுவதைப் பார்க்கத்தான் மனம் கேட்காது. பேரப்பிள்ளைகள் மேசையில் தங்களுக்குள் இத்தாலிய மொழியில் கதைப்பார்கள். அவ பேசாமல் இருப்பா.

இதற்கு எனக்குக் கைகொடுத்தது ஞொக்கி. அவித்த உருளைக்கிழங்கையும் கோதுமை மாவையும் பிசைந்து, சிறு சிறு உருண்டையாக வெட்டிச் செய்வது. 'வியாழக்கிழமை ஞொக்கி' என்று ரோமாபுரியில் ஒரு சொல்வழக்கே உண்டு. வெள்ளிக்கிழமை மீன் என்பதால், முதல் நாளே வயிறு நிறையச் சாப்பிடுவார்களாம்!

கடையில் பைக்கற்றில் வாங்கினால் ஒரே சட்டியில் அரை மணித்தியாலத்துக்குள் சமையல் முடிந்துவிடும். நாலு பேருக்கு 500 கிராம் காணும். இரண்டு மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெயில் மூன்று பல்லு உள்ளியை நறுக்கி, மெல்லிய நெருப்பில் வதக்குங்கள். கருகினால் கசக்கும். ஒரு கைப்பிடி சின்னத் தக்காளியைப் போட்டு, கரையும்வரை கிளறுங்கள். 200 மில்லிலீற்றர் தண்ணீரும் அளவாக உப்பும் விட்டு, கொதித்ததும் ஞொக்கியைக் கொட்டுங்கள். மூன்று நாலு நிமிடம் போதும். அகப்பையால் அழுத்தாமல் மெதுவாகப் பிரட்ட வேண்டும். பிறகு 200 மில்லிலீற்றர் கிறீமும் இரண்டு பிடி பசளிக் கீரையும் சேர்த்து, கீரை வாடியதும் இறக்கி, மிளகுதூளும் துளி சாதிக்காய்த் தூளும் தூவுங்கள். ஞொக்கியில் உள்ள மாச்சத்து தண்ணீரில் இறங்குவதால் குழம்பு தானாகவே தடித்துவிடும். தண்ணீரை வடிக்கவும் வேண்டாம், மா கரைத்து விடவும் வேண்டாம். ஆறினால் இறுகும் என்பதால் சுடச்சுடப் பரிமாறுங்கள். இவர் வேலையால் வர இரவு ஒன்பது மணியாகும். அவருக்கு வைத்ததில் கொஞ்சம் பால் விட்டுச் சூடாக்கிக் கொடுப்பேன்.

சைவக்காரர் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சில பைக்கற் ஞொக்கியில் முட்டை சேர்ப்பார்கள். 'உவோவா' என்று எழுதியிருந்தால் அது முட்டை. அடுத்தது சீஸ். மேலே தூவும் பார்மிஜானோ சீஸுக்குப் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால். அதனால் அது சைவம் அல்ல. 'கால்யோ வெஜெத்தாலே' என்று போட்ட சீஸ் என்றால் தாவரப் பொருளால் உறைய வைத்தது. நான் மாமிக்குச் சீஸே போடுவதில்லை. கிறீமே ருசிதான்.

முதல் நாள் மாமி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது எங்கட கொழுக்கட்டைக்குத் தம்பியல்லோ!" என்றா. சின்னவள் உடனே, "அப்பம்மா, கொழுக்கட்டை எண்டால் என்ன?" என்று கேட்டாள். அன்று மேசையை விட்டு ஒருவரும் எழும்பவில்லை. ஊர்க் கதை எல்லாம் வந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் மாமியே கையால் செய்கிறா. ஒரு கிலோ பழைய உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து, சூட்டோடு மசித்து, 300 கிராம் கோதுமை மா, உப்பு சேர்த்து மெதுவாகப் பிசைவா. புதுக்கிழங்கில் ஈரம் கூட. அதற்கு மாவும் கூட வேண்டிவரும், ஞொக்கியும் இறுகிப்போகும். அதிகம் பிசைந்தாலும் றப்பர்தான். பிள்ளைகள் முள்ளுக்கரண்டியால் வரி போடுவார்கள். கையால் செய்தது குழம்பில் கரையக்கூடும் என்பதால், முதலில் உப்புத் தண்ணீரில் அவித்து, மிதந்து வந்ததும் அள்ளிக் குழம்பில் சேர்ப்போம்.

ஊரில் உள்ள சகோதரிகள் கிறீமுக்குப் பதில் தேங்காயின் முதற்பாலைக் கடைசியில் விட்டு, கொதிக்க விடாமல் இறக்கிப் பாருங்கோ. வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளே, பெரியவர்களைத் தனியே சாப்பிட விடாதீர்கள். இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும் ஒரு சாப்பாட்டைக் கண்டுபிடித்தால் பிள்ளைகளுக்குத் தமிழும் சேர்ந்தே வரும்.

- ஒரு வாசகி, பலர்மோ, இத்தாலி