பதுங்குகுழிக்குள் இறங்கும் நஞ்சு

மன்னார்க் கரையோர மக்களுக்குப் பதுங்குகுழி புதிதன்று. எறிகணைக்கு அஞ்சி வீட்டு வளவுகளில் அதனை வெட்டியவர்கள் அவர்கள். ஆனால், குண்டுச் சிதறலிலிருந்து காக்கும் அதே குழி, நச்சுவாயுவின் முன் பொறியாகிவிடும். குளோரின் வாயு காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. பள்ளத்தை நாடி இறங்கித் தங்கும். நுரையீரலின் ஈரத்துடன் கலந்து அமிலமாகி மூச்சை அடைக்கும்.

முதலாம் உலகப் போரில் ஜேர்மனியர் 1915 ஏப்ரல் 22 ஆம் திகதி, பெல்ஜியத்தின் ஈப்பர் களத்தில் 150 தொன்னுக்கு மேற்பட்ட குளோரினை எதிரியின் அகழிகளை நோக்கித் திறந்துவிட்டனர். நான்கு நாட்களின் பின் அங்கு போரிட்ட இந்தியப் படையினரும் நச்சுவாயுவுக்கு இலக்காயினர். எனினும், காற்றுக்குப் பக்கச்சார்பு இல்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் பிரான்ஸின் லூஸ் களத்தில் பிரித்தானியர் திறந்த வாயு, சில இடங்களில் அவர்களது படையினரையே தாக்கியது.

எமது நாடும் இதற்கு விலக்கன்று. 1990 ஜூனில் மட்டக்களப்பின் கிரான் இராணுவ முகாமை முற்றுகையிட்ட விடுதலைப் புலிகள் குளோரினைப் பயன்படுத்தினர். அதன் ஒரு பகுதி அவர்கள் பக்கமே திரும்பியது. சோழகமும் வாடையும் அறிந்த மன்னார் மீனவருக்கு இதில் வியப்பிராது.

இரசாயன ஆயுதத் தடைச் சமவாயத்தை இலங்கை 1994 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. குடிநீரைத் தூய்மையாக்கும் குளோரினை அது தடுக்கவில்லை. அதனை ஆயுதமாக்குவதையே தடுக்கிறது. சிரியாவும் சமவாயத்தில் இணைந்த நாடே. ஆயினும், 2018 இல் அங்குள்ள டூமா நகரில் அரச விமானப்படை வீசிய குளோரின் உருளைகளால் 43 பேர் மாண்டனர் எனச் சர்வதேச விசாரணை முடிவுசெய்தது. கைச்சாத்து மட்டும் காவலாகாது. குளோரின் உருளை ஒவ்வொன்றுக்கும் கணக்கும், மீறியவருக்குத் தண்டனையும் இருந்தாலே அச்சட்டம் உயிர்பெறும்.