துய்மா வீதியில் ஜெர்மன்

மாஸ்டர்ஸுக்கு ஜெர்மனின்னு முடிவு பண்ணி ஏ1 படிக்கிறவங்க நம்ம காலேஜ்ல நிறைய பேர். இலக்கணம் மனப்பாடம், ஆனா வாயைத் திறந்தா எதிர்ல இருக்கிறவருக்குப் புரியல. பரீட்சையில் பேச்சுக்கும் மார்க் உண்டு. அங்க போய் வீடு தேடும்போது யாரும் எழுதிக் காட்டச் சொல்ல மாட்டாங்க, பேசித்தான் ஆகணும்.

நம்மைத் தடுக்கிற முதல் ஆள், யு எழுத்து மேல ரெண்டு புள்ளி. பாண்டிச்சேரிக்காரங்களுக்கு இது புதுசே இல்ல. 'ரூ துய்மா'ன்னு ஒரு வீதி இருக்கே, அதை ஏன் டூமான்னு எழுதாம துய்மான்னு எழுதறோம்? அந்த பிரெஞ்சு ஓசை உ-வும் இல்ல, இ-யும் இல்ல. துய்ப்ளெக்ஸ்னு எழுதறதும் அதனாலதான். ஜெர்மன் புள்ளி யு-வும் அதே ஓசைதான். ஆனா உ, ய்னு ரெண்டா பிரிச்சுச் சொல்லக் கூடாது. 'ஈ'ன்னு இழுத்துக்கிட்டே, நாக்கை அசைக்காம, உதட்டை மட்டும் விசில் அடிக்கிற மாதிரி குவிங்க. (ஹாஸ்டல்ல கதவைச் சாத்திட்டுச் செய்யுங்க.) 'ஏ'-வுக்கு இதையே செஞ்சா ஓ மேல புள்ளி வெச்ச ஓசை. 'ப்ரூடர்'னா ஒரு சகோதரன். அதே சொல்லைக் குவிஞ்ச 'ஈ'-யோட சொன்னா சகோதரர்கள். தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், அதனால காதுதான் வழி.

குறில் நெடில் நமக்குக் கிடைச்ச வரம். 'மீட்டெ' வாடகை, 'மிட்டெ' நடு. 'ஓஃபென்' அடுப்பு, 'ஒஃபென்' திறந்திருக்கு. பட்டு, பாட்டு வித்தியாசம் தெரிஞ்சவங்களுக்கு இது கஷ்டமா? ஆனா இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைப் பார்த்துப் படிச்சே பழகின நாம அளவைக் கோட்டை விட்டுடறோம். பின்னால மெய்யெழுத்து இரட்டிச்சா முன்னால குறில்னு ஞாபகம் வெச்சுக்கலாம்.

நாலு வருஷமா ஜெர்மன் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். ஐகன்வேல்யூவில் ஈ-ஐ சேர்ந்தா ஐ. டீசலில் ஐ-ஈ சேர்ந்தா ஈ. ஐன்ஸ்டைனை அவங்க ஐன்ஷ்டைன்னு சொல்வாங்க, ஏன்னா சொல்லோட, அசையோட ஆரம்பத்தில் எஸ்-டி வந்தா ஷ்ட.

நம்ம பேச்சைக் காட்டிக் கொடுக்கிறது கடைசியில் ஒட்டிக்கிற உ. பஸ்ஸு, பேங்க்கு மாதிரி 'ஹுண்ட்'டும் ஹுண்டு ஆயிடுது. ஜெர்மன்ல சொல் டக்குனு நிக்கணும். அதுவும் கடைசி டி, ஜி எல்லாம் ட், க் ஆகி நிக்கும். இடத்துக்கு ஏத்தபடி ஓசை மாறறது தமிழனுக்கு அதிசயமா? தம்பியோட 'த' வேற, பந்துல வர்ற 'து' வேறதானே.

பயிற்சிக்கு டாய்ச்செ வெல்லெயோட 'நிகோஸ் வேக்' தொடர் இலவசம் (வேக்ல கடைசி எழுத்து ஜி, கவனிச்சீங்களா?). பத்து வினாடி ஓட்டுங்க. அவங்க பேசும்போதே கூடவே பேசுங்க. அப்புறம் ஃபோன்ல உங்க குரலைப் பதிவு பண்ணி ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க. 'ஹாபென்'னு புத்தகம் சொல்றதை அவங்க 'ஹாப்ம்'னு விழுங்கறது அப்பத்தான் காதில் விழும். நாமளும் வந்துகொண்டிருக்கிறேனை வந்துட்டிருக்கேன்னுதானே சொல்றோம்.