விதையிலிருந்து மிளகாய்

மிளகாய் இல்லாத சமையலறை நம் வீடுகளில் இல்லை. எனினும் அது நம் நாட்டுச் செடி அன்று. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, 1492-க்குப் பின் ஐரோப்பா சென்று, போர்த்துகீசியரால் இந்தியாவுக்கு வந்தது. அதுவரை நம் முன்னோர் காரத்திற்கு மிளகையே நம்பினர். இன்று நாம் ஒரு தொட்டியில் விதை தூவினால், பலவும் பூக்கும் முன்பே மடிந்துவிடுகின்றன. ஏன் என்று பார்ப்போம்.

தொல்லை விதையிலேயே தொடங்குகிறது. மளிகைக்கடை வற்றலை உதிர்த்துத் தூவுவது நம் வழக்கம். அது எத்தனை மாதம் மூட்டையில் கிடந்ததோ! பழைய விதையும் கறுத்த விதையும் முளைப்பது அரிது. செடியிலேயே சிவந்து பழுத்த பழத்தை நிழலில் உலர்த்தி எடுத்த விதையே நல்லது. (விதை எடுத்த கையால் ஒருமுறை கண்ணைத் தொட்டவர்களுக்கு எச்சரிக்கை தேவையில்லை, மற்றவர்கள் சோப்பிட்டுக் கை கழுவுக.) அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். எட்டு நாள் முதல் இரண்டு வாரத்திற்குள் முளை தெரியும். மார்கழிக் குளிரில் தாமதமாகும். மூன்றாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்ப்பவர்கள் நம்மில் உண்டு. அது கூடாது.

முளைத்த பின் வருவதே பெருந்துன்பம். மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று, காலையில் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர்கோத்து, மெலிந்து, சாய்ந்து கிடக்கும். வாடிவிட்டது என்றெண்ணி மேலும் நீர் ஊற்றுவோம். அதுவே மற்ற நாற்றுகளுக்கும் எமனாகும். இது நாற்றழுகல் நோய். ஈரமண்ணில் வாழும் நுண்ணுயிர்களால் வருவது. நீர் தேங்கினாலும், விதை நெருங்கினாலும் விரைவில் பரவும். சாய்ந்தது பிழைக்காது, பிடுங்கிவிட வேண்டும். தொட்டியின் அடியில் துளை இருக்கட்டும். மண்ணோடு மணலும் மக்கிய எருவும் கலந்து, இடைவெளி விட்டு விதைத்து, காலையில் பூவாளியால் தெளித்து, மேல்மண் காய்ந்த பிறகே மறுமுறை நீர் விடலாம். டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைக் கிலோ விதைக்கு 4 கிராம் கலக்கச் சொல்வர். நம் கைப்பிடி விதைக்கு ஒரு சிட்டிகை போதும். நமக்குப் போவது ஒரு தொட்டி. முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் சீமையிலோ, மழையை நம்பி விதைக்கும் குடும்பத்துக்கு இளம்பயிர் அழுகினால் அந்த ஆண்டின் வருமானமே போகும்.

நாற்பது நாளான நாற்றை மாலை வேளையில் பிடுங்கி நடலாம்.

அடுத்து இலைச் சுருட்டை. எல்லாச் சுருட்டையும் ஒன்றல்ல. இலை ஓரங்கள் படகுபோல மேல்நோக்கி வளைந்தால் இலைப்பேன். கவிழ்த்த படகுபோல் கீழ்நோக்கி வளைந்தால் கண்ணுக்கு எளிதில் புலப்படாத மஞ்சள் சிலந்தி. இரண்டுக்கும், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். பூச்சி ஒளிவது இலையின் அடிப்புறம். மேலே மட்டும் தெளித்தால் பயனில்லை. இலைகள் சிறுத்துச் சுருங்கி, செடியும் குட்டையாக நின்றுவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை. மனம் வராவிட்டாலும் அச்செடியை அகற்றினால்தான் பக்கத்துச் செடி தப்பும்.

செடி செழித்தும் காய்க்கவில்லையா? அளவுக்கு மீறித் தழைச்சத்து இட்டால் இலைதான் பெருகும். நிழலும் ஆகாது. சித்திரை வெயிலில் பூ உதிர்ந்தால் செடியைப் பிடுங்க வேண்டாம். நீர் தவறாமல் விட்டுவந்தால், வெயில் தணிந்ததும் புதுக் கிளைகளில் மறுபடி பூக்கும்.