முதுகில் பை, காலடியில் மலாக்கா

திருவெறும்பூர்க்காரர்களுக்கு வெளிநாடு என்றால் முதலில் நினைவுக்கு வருவது மலேசியாதான். அங்கே போய்ச் சம்பாதித்துத் திரும்பியவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். திருச்சி விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து 30 நாள் வரை விசா வேண்டாம் என்று ஆனபிறகு, பிழைக்கப் போன நாட்டுக்கு இப்போது சுற்றிப் பார்க்கவும் கிளம்பிவிட்டோம். பத்துமலை, இரட்டைக் கோபுரம், கெந்திங் மலை என எல்லாவற்றையும் ஏசி பஸ்ஸின் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு வருகிறோம். நேரமிருந்தால் மலாக்காவுக்கு அரை நாள். சிவப்புக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு படம், சாப்பாடு, கிளம்பு.

வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் பேக்கேஜ் டூர்தான் வசதி, மறுக்கவில்லை. கால் நன்றாக இருப்பவர்கள் மலாக்காவை அப்படிப் பார்க்கக் கூடாது. அது நடந்து பார்க்க வேண்டிய ஊர்.

நானும் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட வருகிற நண்பனும் ஆளுக்கொரு முதுகுப் பையோடு போனோம். அவனுக்குத் துவாக்குடிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறை. கோலாலம்பூரின் தெற்கு பஸ் நிலையத்திலிருந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் மலாக்கா சென்ட்ரல். அங்கிருந்து டவுன் பஸ். தங்கியது ஒரு பழைய கடைவீட்டில். முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம், நடுவில் வானம் பார்த்த முற்றம். அறைக்கு ஆறு கட்டில், ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி. மேல்தளத்துப் பலகைத் தரையில் யார் நடந்தாலும் கீழே கேட்கும்.

இந்த ஊரைக் கடாரத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. கடாரம் வடக்கே கெடாவில். ராஜேந்திர சோழனின் கப்பற்படை போன 1025இல் மலாக்கா என்ற நகரமே கிடையாது. அதைப் பரமேஸ்வரா நிறுவியது 1400ஐ ஒட்டி. தமிழர்கள் இங்கே வந்தது படையோடு அல்ல, துணிமூட்டையோடு. 1511இல் போர்த்துக்கீசியர் பிடித்தபின் அங்கே வந்து தங்கியிருந்த தோமே பிரெஸ், துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதிவைத்தார். நைனா சாத்து என்ற தமிழ் வணிகருக்குப் போர்த்துக்கீசியர் பெண்டஹாரா என்ற உயர் பதவியே கொடுத்தார்கள். 1641இல் டச்சுக்காரர்கள், 1824 ஒப்பந்தத்தோடு முழுதாக ஆங்கிலேயர். 2008இல் பினாங்கின் ஜார்ஜ் டவுனோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

1753இல் கட்டி முடித்த டச்சு தேவாலயத்துக்குள் நண்பன் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். கூரை உத்தரங்கள் ஒவ்வொன்றும் சுமார் 15 மீட்டர்; ஒவ்வொன்றும் ஒரே மரத்தில் அறுத்தது. “மாப்ள, எங்கயுமே ஜாயிண்ட் இல்லடா. இதை மேல எப்படி ஏத்தினான்?” என்றான். அந்த வரிசை முழுக்கப் பார்த்து முடிக்கும் வரை அவனை வெளியே இழுக்க முடியவில்லை. பஸ்ஸில் வந்திருந்தால் வழிகாட்டி மணி அடித்திருப்பார்.

பாலத்தைத் தாண்டி உள்ளே போனால் தட்டார் தெரு. இப்போதும் பெயர் அதுதான், மலாய் மொழியில். அங்கே பொய்யாத விநாயகர் கோயில். டச்சு ஆட்சியில் தெய்வநாயகம் செட்டிக்குக் கொடுக்கப்பட்ட நிலத்தில் 1781இல் எழுந்தது. இன்றும் பூஜை நடக்கிற இந்துக் கோயில்களில் மலேசியாவிலேயே மிகப் பழையது. அதே தெருவில் இந்திய முஸ்லிம் வணிகர்களின் கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1748இல் தோன்றியது. கும்மட்டம் கிடையாது; மூன்றடுக்கு ஓட்டுக்கூரை, சீனக் கோபுரம் மாதிரி ஒரு மினாரா. இன்னும் கொஞ்சம் நடந்தால் 17ஆம் நூற்றாண்டின் சீனக் கோயில், ஊதுபத்திப் புகைக்கு நடுவில். விநாயகருக்குத் தேங்காய் உடைக்கிற சத்தம் அடங்குவதற்குள் பாங்கு ஒலிக்க ஆரம்பித்துவிட்டது. நிதானமாக நடந்தாலும் இந்த மூன்றுக்கும் பத்து நிமிடம் ஆகாது.

அந்த விநாயகர் கோயிலைக் கட்டியவர்களின் வாரிசுகள் மலாக்கா செட்டிகள். கோயில் நிர்வாகத்தைப் பிற்காலத்தில் நகரத்தாரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அவர்களுடைய குடியிருப்பு கஜா பெராங்கில் இருக்கிறது, பழைய நகரிலிருந்து நடை தூரத்தில். வெயிலில் வியர்த்து வழியப் போய்ச் சேர்ந்தோம். வீட்டு நிலைகளில் மாவிலைத் தோரணம். ஒரு திண்ணையில் சாரோங், கெபாயா உடுத்திய பாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார், நெற்றியில் திருநீறு. “வணக்கம்மா, திருச்சியிலேர்ந்து வர்றோம்” என்றேன். சிரித்துக்கொண்டே கைகூப்பினார், பதில் மலாயில் வந்தது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். சாமியறையில் முன்னோர் படங்கள், பித்தளைக் குத்துவிளக்கு. இவர்களின் முன்னோர் உள்ளூர்ப் பெண்களை மணந்து தலைமுறைகள் பல கடந்ததில் பேச்சு மலாயாகிவிட்டது. போகிக்கு முன்னோருக்குப் படையல் போடுவதும், 1822இல் கட்டிய முத்துமாரியம்மன் கோயிலின் திருவிழாவும் மட்டும் தவறுவதில்லை. அந்த வீட்டில் இருந்த நேரத்துக்காகவே இன்னொரு முறை டிக்கெட் போடலாம். குடியிருப்பைச் சுற்றி உயரமான கட்டடங்கள் வந்துவிட்டன என்பதையும் பார்த்தோம். இங்கே டூரிஸ்ட் பஸ் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

மலாக்காவில் எல்லாமே ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. கடைவீடுகளின் முன்நடையில் பாதிக் கடைக்காரர்கள் சரக்கை அடுக்கியிருக்கிறார்கள். வெள்ளி முதல் ஞாயிறு வரை ஜோங்கர் தெருவின் இரவுச் சந்தையில் கால் வைக்க இடமில்லை. பாரம்பரிய நகரம் என்ற பெயர் வந்தபின் வாடகை ஏறிப் பழைய குடும்பங்கள் இடம் பெயர்கின்றன என்ற குறையும் அங்கே உண்டு. ஆனால் ஆற்றங்கரை நெடுக நடைபாதை போட்டிருக்கிறார்கள். முக்கியமான கட்டடங்களின் வாசலில் எந்த ஆண்டு, யார் கட்டியது என்று பலகை இருக்கிறது. முதுகுப் பையோடு வருகிறவனும் விருந்தாளிதான் என்று அந்த ஊர் நினைக்கிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஊர்க் கவலை வந்துவிடுகிறது. திருச்சியில் என்ன குறைச்சல்? மெயின்கார்டு கேட்டில் நின்றால் லூர்து அன்னை ஆலயம். நாலடி வைத்தால் தெப்பக்குளம். அதன் பக்கத்திலேயே சுவார்ட்ஸ் பாதிரியார் காலத்து கிறிஸ்து ஆலயம், 1766இல் கட்டியது. தலைக்கு மேலே மகேந்திரவர்மன் குடைந்த குகையோடு மலைக்கோட்டை. இன்னும் கொஞ்சம் நடந்தால் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா அடங்கிய நத்தர்வலி தர்கா. மலாக்காவைவிட மிகப் பழைய ஊர் நம்முடையது. ஆனால் அதில் ஒரு வெளியூர்க்காரர் நடந்து காட்டட்டும், பார்க்கலாம். நடைபாதையில் டூவீலர், இறங்கினால் ஆட்டோ. எது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு பலகை தேட வேண்டியிருக்கிறது. ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றாம் நம்பர் பஸ் இருக்கிறது, ஏழு பிரகாரங்கள் இருக்கின்றன. சித்திரை வீதியில் வெயிலில் வந்தவர் பையை இறக்கி வைத்து உட்கார ஓரிடம் சொல்லுங்கள்.

எங்கள் திருவெறும்பூர் இன்னும் மோசம். அறுபதடி உயரப் பாறை மேல் எறும்பீஸ்வரர். அப்பர் பாடிய தலம். முற்காலச் சோழர் கற்றளி. தஞ்சாவூர் சாலைக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. அந்தச் சாலையைக் கடப்பதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை அணுகுசாலை வேண்டும் என்று எத்தனை ஆண்டாகக் கேட்கிறோம்! அந்த 14 கிலோமீட்டர் சொச்சத்தில் அடிபட்டுச் செத்தவர்களில் நாம் அறிந்த முகங்கள் உண்டு. சாலையை அகலப்படுத்தினால் கடைகள் போகும், பிழைப்பு போகும் என்கிற வியாபாரிகளின் பயமும் நியாயமானதுதான். அவர்களுக்குச் சரியான இழப்பீடு கொடுத்தாக வேண்டும். அதற்காக நடக்கிறவனின் உயிரைப் பணயம் வைத்துக்கொண்டே இருக்க முடியாது.

மலேசியாவுக்கு டிக்கெட் போட்டிருப்பவர்கள் கெந்திங்கில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு மலாக்காவில் ஓர் இரவாவது தங்குங்கள். பையைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கஜா பெராங் வரை நடந்து போங்கள். திரும்பி வந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மெயின்கார்டு கேட்டிலிருந்து நத்தர்வலி தர்கா வரை நடங்கள். நடைபாதை எங்கெங்கே அறுந்துபோகிறது, எங்கே பலகை வேண்டும் என்று குறித்து, உங்கள் வார்டு கவுன்சிலருக்கு எழுத்தில் கொடுங்கள்.