உங்களுக்குத் தெரியுமா? வானில் பறந்த முதல் தபால்

உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் பறந்தது அலகாபாத்தில்! 1911 பிப்ரவரி 18 அன்று, 23 வயதான பிரெஞ்சு விமானி ஆன்ரி பெக்கே சுமார் 6,500 கடிதங்களுடன் யமுனையைத் தாண்டி நைனியில் இறங்கினார். பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய 13 நிமிடங்கள்.

ஏற்பாடு செய்தவர் வால்டர் விண்டம். கடிதத்துக்கு ஆறணா சிறப்புக் கட்டணம். வசூலான பணம் மாணவர் விடுதி ஒன்றுக்குப் போனது.

விமானமும் மலைகளும் பொறித்த செந்நிற முத்திரைதான் அந்த உறைகளின் அடையாளம். சேகரிப்பாளர்கள் இன்னும் ஆவலோடு தேடுவது, பெக்கேயின் கையெழுத்து உள்ள அஞ்சலட்டைகளை. ஆனால், கையெழுத்து பின்னாளில் போடப்பட்டதாகவோ போலியாகவோ இருக்கலாம். முத்திரை, தேதி, மையின் நிறம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நம்பி வாங்க வேண்டும்.